கவுஞ்சியின் வெள்ளை வட்டங்கள்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்த குளறுபடி முழுவதற்கும் என் வாய்தான் காரணம். என் பெயர் சண்முகப்பிரியா. பழனி அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பஞ்சாமிர்தக் கடை. இனிப்பு விற்கிற வீட்டில் பிறந்தவளுக்கு இப்படியொரு நாக்கா என்று அம்மா கேட்காத நாள் இல்லை.

மதுரையில் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறேன். என் ஆராய்ச்சி புகையைப் பற்றியது. புகை என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, காற்றில் மிதக்கிற மிகச் சிறிய துகள்கள். விறகு எரிந்தாலும் வரும், பைன் மரங்கள் வெயிலில் விடுகிற மூச்சிலிருந்தும் வரும். துகள் வெளுப்பாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பழுப்பாக இருந்தால் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மலையைச் சூடாக்கும். வறண்ட காற்றில் கண்ணாடி மாதிரி இறுகிப்போகும். ஈரம் பட்டால், எங்கள் கடையில் மழைக்காலத்து வெல்லம் கசிவது போல இளகிவிடும். ஒரு துகளில் என்னென்ன சேர்மங்கள் இருக்கின்றன என்று சொன்னால் போதும். அது இறுகுமா, இளகுமா, என்ன நிறத்தில் இருக்கும் என்று துகளைப் பார்க்காமலே கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. எல்லோரும் பயன்படுத்துகிற பழைய சமன்பாடு எந்தப் புகையையும் வெள்ளை என்றே சொல்லும் என்பதால், அதற்கு நானே ஒரு சமன்பாடு உருவாக்கினேன். நான்கு வருட உழைப்பு. அந்த நான்கு வருடத்தில் என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பங்களையும் அதைக் காட்டித்தான் விரட்டினேன்.

சமன்பாடு சரியா தப்பா என்று முடிவாக வேண்டிய இடம் கவுஞ்சி. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர் எல்லாம் தாண்டி, பஸ் இனிமேல் முடியாது என்று மூச்சு வாங்குகிற இடத்தில் இருக்கிற ஊர். படிப்படியாக இறங்கும் வயல்களில் கேரட்டும் உருளைக்கிழங்கும் மலைப்பூண்டும் விளையும். மாசியில் பூண்டைப் பிடுங்கி, தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டிக் கொட்டகையின் கூரைக்கடியில் தொங்கவிடுவார்கள். கீழே சீகை மரத்து ஈரவிறகைப் போட்டு நாள் முழுக்கப் புகைப்பார்கள். நல்ல கட்டுகளை வைகாசி நடவுக்கு விதைக்கென்று ஒதுக்கி வைப்பார்கள். ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், புகை பட்டால்தான் விதை கெடாமல் நிற்கும் என்பது எட்டுக் கொட்டகைகள் இருக்கிற ஒரு தெருவின் கணக்கு. பைன் காட்டுக் காற்றும் விறகுப் புகையும் கலக்கிற இப்படியொரு இடம் எனக்கு வேறெங்கும் கிடைக்காது.

அந்தத் தெருவில் பூண்டு போடுகிற வேலுச்சாமி அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் காற்றை இழுக்கும் கருவியை வைத்தேன். அதற்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளை வட்டத் தாள். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை காற்றை இழுத்தால், காற்றில் இருந்ததெல்லாம் அந்தத் தாளில் படியும். வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும். தாள் என்ன நிறத்தில் வரும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்த நிறங்களை ஒரு பட்டையாக அச்சடித்துப் பர்சில் வைத்திருந்தேன். பட்டையில் ஐந்து கட்டம். கொட்டகைக்கு அரைக் கட்டு விறகு எரித்தால் இந்த நிறம், முக்கால் கட்டுக்கு இது, ஒரு கட்டுக்கு இது, ஒன்றரைக்கு இது என்று பழுப்பு ஏறிக்கொண்டே போகும். முதல் கட்டம் மட்டும் கிட்டத்தட்ட வெள்ளை. அது புகையே இல்லாத நாளுக்கு. பூண்டுக் காலத்தில் அப்படியொரு நாள் கவுஞ்சியில் வராது என்பதால் அந்தக் கட்டத்தை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

முதல் செவ்வாய்க்கிழமையே வம்பு வந்தது. மாலையில் தாளை எடுக்கப் போனால், கருவிக்கு நேர் கீழே வேலுச்சாமி அண்ணனின் மனைவி அன்னக்கொடி அக்கா குப்பையைக் கூட்டிப் போட்டுக் கொளுத்திக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் பை, கோழி இறகு, சகலமும். மேலே தாள் தார் பூசின மாதிரி இருந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

"என்னக்கா பண்றீங்க? புகை பட்டா எல்லாம் பாழ்னு தெரியாதா? நாலு வருஷம் நாய் மாதிரி உழைச்சது ஒரு நிமிஷத்துல போச்சு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றார். "தெரியாமப் போச்சு பாப்பா. குப்பை கெடக்கேன்னு கொளுத்துனேன். எப்பிடி இருந்தா ஒனக்குச் சரி, அதச் சொல்லு."

என் பையில் இன்னொரு தாள் இருந்தது. கருவிக்குள் வைக்காமல், கூடவே எடுத்துப்போய் எடுத்துவருகிற வெறுந்தாள். வழியில் அழுக்குப் படவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அது வெள்ளையாகவே இருக்க வேண்டும். கோபத்தில் அதை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இப்படி வெள்ளையா இருந்தாத்தான் என் வேலை பாஸ். இல்லைன்னா நான் மூட்டை கட்டிட்டுப் போக வேண்டியதுதான்."

எது வெறுந்தாள், எது காற்று பட்ட தாள் என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை. பஸ் ஹாரன் அடித்தது, ஓடிப்போய் ஏறிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணில் தூசி விழுந்துவிட்டது. மன்னவனூர் வரை துடைத்துக்கொண்டே போனேன்.

வெள்ளிக்கிழமை போனபோது அக்கா எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவித்த உருளைக்கிழங்கும் பூண்டுத் தொக்கும் தட்டில் வைத்து நீட்டினார். நானும் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். மாலையில் தாளை எடுத்தேன். வெள்ளை. துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி பளீரென்று இருந்தது.

"வெள்ளையா வந்துருக்கா பாப்பா?"

"வெள்ளைதான்க்கா" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவருக்கு என்ன அவ்வளவு சந்தோஷம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த செவ்வாயும் வெள்ளை. அடுத்த வெள்ளியும். மார்ச் முடிந்து ஏப்ரல் பிறந்தது, ஒன்பது தாள்களும் வெள்ளை. என் சமன்பாடு பழுப்பு என்று அடித்துச் சொல்கிறது. கவுஞ்சிக் காற்று இல்லை என்கிறது. கொடைக்கானலில் நான் தங்கியிருந்த அறையில், ஒவ்வொரு தாளையும் விளக்கின் முன்னால் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். புகை இல்லையோ என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஏன் வர வேண்டும்? அந்தத் தெருவில் கால் வைத்தாலே புகை வாடை. சுவரில் வாடை, அக்கா கொடுக்கிற தட்டில் வாடை, நான் உட்கார்ந்த பாயில் வாடை. மூக்கை நம்பினேன். தவிர, காலையில் பனிமூட்டம் கலையும் முன்னே தாளை மாட்டிவிட்டு, இன்னொரு கருவியைப் பார்க்க மன்னவனூர் பைன் காட்டுக்குப் போய்விடுவேன். மாலையில் வந்து எடுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பிவிடுவேன். கவுஞ்சியில் நான் நின்ற நேரம் மொத்தமாக ஒரு நாளைக்கு அரை மணிதான்.

ஒரு தடவை கேட்டும் பார்த்தேன். "அக்கா, கொட்டகையில புகை போடுறீங்கல்ல?"

"போடாம? போடுறோம் பாப்பா."

"வாரத்துக்கு எத்தனை கட்டு விறகு ஆகும்?"

"அஞ்சு கட்டு ஆகும்."

ஐந்தை ஏழால் வகுத்து, ஒரு நாளைக்கு முக்கால் கட்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று நோட்டில் எழுதிக்கொண்டேன். முக்கால் கட்டை எரித்துவிட்டுக் கால் கட்டைக் கட்டி எடுத்துவைக்கிற மனுஷி உலகத்தில் உண்டா என்று ஒரு கணம் யோசித்திருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

என் வழிகாட்டி நாச்சிமுத்து சார் நல்லவர்தான். ஆனால் ஆறுதல் சொல்லத் தெரியாதவர். போனில் சொன்னார்: "பிரியா, பழைய சமன்பாடு வெள்ளைன்னு சொல்லுது. தாளும் வெள்ளைன்னு சொல்லுது. நீ ஒருத்திதான் பழுப்புன்னு சொல்ற."

பங்குனி உத்திர வாரத்தில் மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. அன்னக்கொடி அக்கா காவடி எடுத்துக்கொண்டு கால்நடையாகப் பழனிக்குப் போயிருந்தார். அந்தச் செவ்வாயும் வெள்ளியும் தாள்கள் நல்ல பழுப்பில் வந்தன. வேலுச்சாமி அண்ணன்தான் இருந்தார். "ரெண்டும் கறுத்துருச்சுங்களே மேடம்" என்று கையைப் பிசைந்தார். நான் அவர் எதிரிலேயே குதித்தேன். ஆனால் சார் அந்தச் சந்தோஷத்தை இரண்டே நாளில் பிடுங்கிக்கொண்டார். அந்த வாரம் மேற்கு முகட்டில் காட்டுத்தீ எரிந்ததாகச் செயற்கைக்கோள் படத்தில் இருந்ததாம். பழுப்பு அதனால் வந்திருக்கும், இரண்டையும் நீக்கிவிடு என்றார். நீக்கினேன். அழிக்கும்போது விசைப்பலகையே உடைகிற மாதிரி அடித்தேன்.

அடுத்த செவ்வாய் அக்கா திரும்பியிருந்தார். காலில் கொப்புளம். என்னைப் பார்த்ததும் நொண்டிக்கொண்டே வந்து கையைப் பிடித்தார்.

"நா இல்லாதப்ப ரெண்டும் கறுத்துருச்சாமே. மன்னிச்சிரு பாப்பா. படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போனேன். இதுகளுக்கு ஒரு சோலி ஒழுங்கா ஓடாது."

ஊரில் இல்லாததற்கு வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். "விடுங்கக்கா. அது ரெண்டும் கணக்குல சேராதுன்னு சொல்லிட்டாங்க."

"சேராதா?" அக்கா முகம் மலர்ந்துவிட்டது. "என் அப்பன் முருகன் காப்பாத்துனான்."

முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். பழனிப் பஞ்சாமிர்தம். எங்கள் கடைக்கு நாலு கடை தள்ளி வாங்கியது. எனக்கே பஞ்சாமிர்தமா என்று சிரிப்பு வந்தது, அதை விட அதிகமாக அழுகை வந்தது. டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றும் தாள் வெள்ளை. அந்த வெள்ளிக்கிழமையும் வெள்ளை. காட்டுத்தீயின் இரண்டை நீக்கினால் மொத்தம் பதினொன்று.

புதன்கிழமை மதுரையில் ஆய்வுக்குழுக் கூட்டம். சார் முடிவாகச் சொல்லிவிட்டார்: சொந்தச் சமன்பாட்டை எடுத்துவிடு, பழையதையே வைத்து மீதியை எழுது, பட்டமாவது கிடைக்கும். சனிக்கிழமை ராத்திரி முழுக்க யோசித்துவிட்டு, சரி என்று செய்தி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் கவுஞ்சிக்குக் கிளம்பினேன், கருவியைக் கழற்றிக்கொண்டு வர. வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

கடைசி வளைவில் பஸ் திரும்பியபோது தெரு தெரிந்தது. எட்டுக் கொட்டகைகளும் புகைந்துகொண்டிருந்தன. கூரை இடுக்கெல்லாம் புகை கசிந்து, வயலுக்கு மேல் தடித்துத் தொங்கியது. எழுந்து நின்றுவிட்டேன். பஸ் நிற்பதற்குள்ளேயே இறங்கப்போய் கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். திருப்பித் திட்டக்கூட மறந்துவிட்டது.

வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்த அன்னக்கொடி அக்கா தலை நிமிர்ந்தார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளிறிப்போனது. கையிலிருந்த கேரட்டைப் போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"ஏய், பாப்பா வந்துட்டா! வெரசா அணைங்கடி! தண்ணியக் கொண்டாங்கடி!"

பெண்கள் குடத்தோடு கொட்டகைகளுக்குள் ஓடினார்கள். நெருப்பில் தண்ணீர் விழுகிற சீற்றம் வரிசையாகக் கேட்டது. நான் நடுத்தெருவில் நின்றேன். வேலுச்சாமி அண்ணன் துண்டை எடுத்து, கருவி இருந்த பக்கம் வந்த புகையை விசிறி விரட்டினார்.

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்ல பாப்பா? நீ ஏன் வந்த?" அக்கா மூச்சு வாங்கக் கேட்டார். "ஒன் நாளு இல்லையேன்னுதான் போட்டோம்."

"என் நாளா?"

"செவ்வா, வெள்ளி. அந்த ரெண்டு நாளும் தெருவுல ஒரு கொட்டகையிலயும் நெருப்பு கெடயாது. வெள்ளனே அஞ்சு மணிக்கே போய் நாந்தான் ஒவ்வொரு வீடா பாத்துட்டு வருவேன். ஒன் தாளு வெள்ளையா வரணும்ல?"

 அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்ததைப் பார்த்து அக்கா பயந்துபோனார். காரணம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, என் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"நாங்களும் போட வேணாம்னுதான் பாத்தோம். ஆனா இங்க பாரு."

தலைக்கு மேலே கட்டுக் கட்டாகப் பூண்டு தொங்கியது. ஓரத்தில் இருந்த விதைக்கட்டுகளை அக்கா தாழ இழுத்துக் காட்டினார். பல் நடுவே பச்சை முளை எட்டிப் பார்த்தது. சிலவற்றில் சாம்பல் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்றை நசுக்கினார், கூழாக வந்தது. விட்டு விட்டுப் புகை போட்டால் இடையில் ஈரம் ஏறிவிடுமாம். சித்திரை மழையும் இந்த வருஷம் முந்திக்கொண்டது.

"மூணுல ஒரு பங்கு போச்சு. அதான் மத்த நாள்ல விடாமப் போடுறோம்."

கதவின் பின்பக்கம் ஒரு மாதக் காலண்டர் மாட்டியிருந்தது. பழனிக் கடை ஒன்றின் காலண்டர், முருகன் படம் புகை ஏறி மங்கியிருந்தது. தேதிகளின் மேல் கரித்துண்டால் பெருக்கல் குறிகள். மார்ச் மாதத்தில் ஏழு. ஏப்ரலில் நான்கு.

"இது என்னக்கா?"

"புகை விட்டுப்போன நாளு. மண்டலம் கணக்கு வரணும்ல. விட்ட நாளைக் கடைசியில சேத்துப் போடணும். அதுக்குத்தான் குறிச்சு வக்கிறது."

பதினொரு குறி. பதினொரு வெள்ளைத் தாள். பங்குனி உத்திர வாரத்துச் செவ்வாயிலும் வெள்ளியிலும் குறி இல்லை. அக்கா காவடியோடு மலையிறங்கிக்கொண்டிருந்தபோது, தெரு அவர் சொன்னதை மறந்து வழக்கம் போலப் புகை போட்டிருக்கிறது. என் தாள்கள் பழுப்பானது காட்டுத்தீயால் அல்ல. பர்சிலிருந்து நிறப் பட்டையை எடுத்தேன். முதல் கட்டம், புகையே இல்லாத நாளின் கட்டம், கிட்டத்தட்ட வெள்ளை. ஏழு வாரமாக என் சமன்பாடு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கேள்வியைத்தான் நான் தப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

சந்தோஷத்தில் கத்த வேண்டியவள் அழத் தொடங்கினேன். சாதாரண அழுகை இல்லை, மூக்கு ஒழுக, விக்கல் வர அழுதேன். அக்கா பதறிவிட்டார்.

"அய்யோ, கெட்டுப்போச்சா? இன்னைக்குப் பட்ட புகை ஒட்டிக்கிருச்சா?"

"இல்லக்கா. எனக்குப் பழுப்புதான் வேணும். முதல்ல இருந்தே பழுப்புதான் வேணும்."

"வெள்ளையா இருந்தாத்தான் பாஸுன்னு நீதான சொன்ன? என் மூஞ்சிக்கு நேரா காட்டுனியே."

"சொன்னேன். அது வேற தாள்க்கா. கோபத்துல விளக்கிச் சொல்லல. தப்பு என் மேல."

அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். எட்டு வீட்டு விதையில் மூன்றில் ஒரு பங்கு என்னால் போயிருக்கிறது. அதைச் சொன்னேன். "நான் யாருக்கா உங்களுக்கு? அப்படிக் கத்திட்டுப் போனவளுக்காக ஏன் இதெல்லாம் பண்ணீங்க?"

"கத்துனது வேற. நீ அழுதுகிட்டுல்ல பஸ்ஸு ஏறுன அன்னைக்கி" என்றார் அக்கா. "ஜன்னல்ல பாத்தேன். ராத்திரி சோறு எறங்கல எனக்கு. மறுநாளே எட்டு வீட்லயும் சொல்லிட்டேன், ஊரு விட்டு ஊரு வந்து ஒத்தையில கெடந்து உழைக்குது, அது பாஸாகுற வரைக்கும் ரெண்டு நாளு புகை போடாட்டி ஒண்ணும் கொறஞ்சுபோயிராதுன்னு."

தூசி என்று மன்னவனூர் வரை நான் எனக்கே சொல்லிக்கொண்டு போனதை இவர் கீழே நின்று பார்த்துவிட்டிருக்கிறார். அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். சேலையில் புகை வாடை அடித்தது.

கருவியைக் கழற்றவில்லை. அன்றிரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். சாருக்குப் போன் செய்து, விடியற்காலையில் அனுப்பிய "சரி"யைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அவர் பேசத் தொடங்கும் முன்பே வைத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் புதுத் தாளை மாட்டினேன். எட்டுக் கொட்டகையிலும் புகை போடச் சொன்னேன். போட்டார்கள், ஆனால் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போட்டார்கள். கொட்டகைக்கு எத்தனை கட்டு என்று இந்தத் தடவை வாரக் கணக்குக் கேட்கவில்லை, கூடவே நின்று எண்ணினேன். ஒரு கட்டு. முழுசாக ஒரு கட்டு.

மாலை ஐந்து மணிக்குக் கருவியைத் திறந்தேன். டீ வடிகட்டும் துணியின் நிறத்தில் ஒரு வட்டம். மாடிச் சுவரின் மேல் தாளை வைத்து, பக்கத்தில் பட்டையை வைத்தேன். ஒரு கட்டு விறகுக்கான கட்டத்தை நகர்த்தித் தாளின் விளிம்போடு ஒட்டினேன். எது தாள், எது பட்டை என்று கோடு தெரியவில்லை.

"அண்ணே, பாருங்க! அக்கா, பாருங்க!"

வேலுச்சாமி அண்ணன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இந்தப் பட்டை எப்பங்க அடிச்சது?"

"போன வருஷம்ண்ணே. இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே."

"நாங்க வெறகு வெட்டுறதுக்கு முன்னாடியே எங்க புகை என்ன நெறம்னு தெரிஞ்சு வச்சிருந்தீங்களா?" என்று மெல்லச் சிரித்தார். என் சமன்பாட்டைப் பற்றி இதை விட நல்ல பேச்சை நான் இதுவரை கேட்டதில்லை.

அக்கா மட்டும் தாளைத் தொடாமல் தள்ளியே நின்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "பாக்க அழுக்காத்தான் இருக்கு பாப்பா. இத வச்சுப் பெரியவங்க பாஸு போடுவாங்களா? எதுக்கும் அந்த வெள்ளைத் தாளுகளையும் மேல வச்சுக் காட்டு."

"எல்லாத்தையும் காட்டுவேன்க்கா. உங்க காலண்டரையும் தாங்க."

"அது எதுக்கு? கரியும் புகையுமா கெடக்கு."

கெஞ்சித்தான் வாங்கினேன். மார்ச்சும் ஏப்ரலும் இருந்த பக்கங்களை மட்டும் கிழித்து, தாளில் சுற்றிக் கொடுத்தார். அடுத்த நாளிலிருந்து மண்டலத்துக்குக் கணக்கு வேண்டுமே என்று சுவரில் கரியால் புதிதாகக் கோடு போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை கூட்டத்தில் எனக்குக் கோபமே வரவில்லை. பெரிய விஷயம்தான். பதினொரு வெள்ளை, மூன்று பழுப்பு. பழைய சமன்பாடு எல்லாவற்றையும் வெள்ளை என்றுதான் சொல்லும். என்னுடையது பதினொன்றை வெள்ளை என்றும் மூன்றைப் பழுப்பு என்றும் பிரித்துச் சொல்கிறது. காட்டுத்தீ இல்லாத திங்கட்கிழமைத் தாளும், காட்டுத்தீ என்று நீக்கிய இரண்டும் ஒரே நிறம். குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு கேட்டார்: "புகை இல்லாத நாட்கள் இவைதான் என்பதற்கு என்ன ஆதாரம்? நீங்கள் அங்கே நின்று பார்த்தீர்களா?"

"இல்லை மேடம். நான் பார்க்கத் தவறினேன். இன்னொருவர் குறித்து வைத்திருந்தார்."

காலண்டர் பக்கங்களை மேசையில் விரித்தேன். குளிரூட்டிய அந்த அறை முழுக்கச் சீகை விறகுப் புகையும் பூண்டும் மணத்தது. கரிக் குறிகளை அவர் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, என் பட்டியலின் தேதிகளோடு ஒப்பிட்டார். பதினொன்றும் பொருந்தியது. அந்தத் தெருவில் ஏன் வாரத்துக்கு இரண்டு நாள் நெருப்பை நிறுத்தினார்கள் என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். நான் கத்தியதையும் சேர்த்தே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. நாச்சிமுத்து சார் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார். புகை வாடை ஒத்துக்கொள்ளவில்லையாம். இந்த மாதிரித் தூசியெல்லாம் எனக்கும் தெரியும்.

"சமன்பாடு இருக்கட்டும்" என்றார் சார். "இந்த ரெண்டு பக்கத்தையும் பின்னிணைப்புல சேர்த்துடு. குறிச்சது யார்னு பேரோட."

வெளியே வந்து முதல் வேலையாக அன்னக்கொடி அக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணி முழுசாக அடிக்கும் முன்பே எடுத்துவிட்டார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பாஸா பாப்பா?"

"பாஸ்க்கா."

பக்கத்தில் யாரோ கேட்க, அக்கா திரும்பிச் சொல்வது கேட்டது. வேலுச்சாமி அண்ணன் உரக்கச் சிரித்தார். பிறகு அக்கா குரலைத் தாழ்த்தி, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப இனிமே செவ்வா, வெள்ளியும் போட்டுக்கிறலாமா?"

எனக்குச் சுருக்கென்றது. "அதான் ஞாயித்துக்கிழமையே சொன்னேனேக்கா. நேத்து செவ்வாய்க்கிழமை போடலையா?"

"இல்ல பாப்பா. பெரியவங்க இன்னும் பாக்கலையே. நீ சொல்ற, ஆனா ஒனக்கு ஆகாம ஏதாச்சும் ஆயிட்டா? விதை கெட்டா இன்னொரு வருசம் நட்டுக்கிறலாம்னு நாந்தான் எல்லாரையும் போட வேணாம்னுட்டேன்."

பன்னிரண்டாவது குறி. அது காலண்டரில் இல்லை, கவுஞ்சியில் ஒரு சுவரில் இருக்கிறது.  நான்கு வருடம் துகள் துகளாகக் கணக்குப் போட்டவளுக்கு இந்த மனுஷியை மட்டும் கணக்குப் போடத் தெரியவில்லை.

"பாப்பா? கேக்குதா? போடவா, வேணாமா?"

"போடுங்கக்கா" என்றேன். "நல்லாப் போடுங்க."

அக்கா போனை வைக்கவில்லை. அப்படியே தெருவைப் பார்த்துத் திரும்பி, என் காது அடைக்கிற மாதிரிக் கத்தினார்.

"ஏய், பாப்பா பாஸாயிருச்சு! நெருப்பப் போடுங்கடி!"